அந்தவன் கல்

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டால், முல்லைப் பெரியாற்றையும் நெல் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்தவன் என்னும் பெயரைச் சொன்னவர் என் வகுப்பில் ஒருவரும் இலர்.

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைச் சமவெளியில் உள்ள ஊர் புலிமான்கோம்பை. தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனின் குழுவினர் 2006 ஆம் ஆண்டில் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். எழுத்தோ தமிழ்ப் பிராமி! அதுவரை அவ்வெழுத்தைக் குகைத்தளங்களிலும் பானை ஓடுகளிலும் கண்டிருந்தோம். வீரனுக்கு நட்ட கல்லில் கண்டதில்லை. காலம் கி.மு. 4 முதல் 2 ஆம் நூற்றாண்டுக்குள் என்று கணித்தனர்.

அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட அந்தவனுக்கு நட்ட கல். ஆகோளாவது ஆநிரை கவர்தல். தொல்காப்பியத்தில் ஒரு துறையாக நாம் மனனம் செய்த சொல், ஒருவன் உயிர்விட்ட நிகழ்ச்சியாக இங்கே நிற்கிறது. அக்கூடலூர் கம்பத்துக்கு அருகிலுள்ள கூடலூரே எனக் கருதுவோர் உளர். பெயரொற்றுமை மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி.

கல்லைக் கண்டதோடு வரலாற்றாசிரியன் பணி முடிவதில்லை. படியெடுத்தல், நூலெழுதுதல், கற்பித்தல், அருங்காட்சியகத்தில் விளக்கப் பலகை வைத்தல் எனத் தொடரும். கடைசியானதே கடினம் என்பேன். நூலில் பத்துப் பக்கம் வாதிடலாம். பலகையில் இரண்டு வரிக்குமேல் எவரும் நின்று படியார். அதில் ‘இருக்கலாம்’ என்னும் ஒரு சொல்லை விட்டுவிட்டால், ஊகம் உண்மையாகிவிடும்.

ஆதலால் அக்கல்லுக்கு இரண்டு வரிப் பலகை எழுதுமாறு என் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். பலர் கூடலூரைத் துணிந்து கம்பத்தருகே வைத்துவிடுவர். நீங்களும் எழுதிப் பாருங்கள்.