பெயர் ஒன்று, கால்கள் வேறு

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் செல்வோர் உப்புக்காற்றைச் சுவாசித்தே செல்கின்றனர். அவர்தம் வண்டியும் அவ்வாறே. பாவித்த டொயோட்டா பிராடோ வாங்க விழையும் அன்பர்கள் இதனை மறத்தலாகாது. 2009இல் வெளிவந்த பிராடோவின் ‘டி.எக்ஸ்.’ தரத்திற்குப் பின்புறம் உருக்குச் சுருள்வில், ஜப்பானிய ‘டி.இசட்-ஜி’ தரத்திற்கோ காற்றடைத்த இறப்பர்ப் பை. மூட்டைகளை ஏற்றினும், அமுக்கியொன்று காற்றை ஊட்டி மட்டங் குலையாது காக்கும். சுகமான பயணந்தான், மறுப்பதற்கில்லை! ஆயினும் இறப்பர் முதுமையில் வெடிப்புக் காணும். உயரமறியும் கருவியின் இணைப்பை உப்பு அரிக்கும். கசிவை ஈடுசெய்ய ஓயாதுழைத்து அமுக்கியும் பழுதாகும். சுருள்வில்லும் துருப்பிடிக்கும், எனினும் அதனை மாற்றுதல் எளிது. நாள்தோறும் தீவுப்பாதையில் ஓடுவோருக்கு விலை குறைந்த தரத்தையே நாம் பரிந்துரைப்போம். உயர்தரமே வேண்டுமெனில், இரவு நிறுத்திய வண்டி காலையில் பின்புறந் தாழ்ந்திருக்கின்றதா என அளந்து பார்த்த பின்னரே விலை பேசுக.