மனச்சோர்வும் எழுத்தாளர்களும்

மனச்சோர்வு மருத்துவம் தேவைப்படும் ஒரு மனநோய். துக்கமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. நெருங்கியவர் இறந்தாலோ தேர்வில் தோற்றாலோ வரும் துக்கம் நாளடைவில் தணியும். நடுநடுவே சிரிக்கவும் முடியும். மனச்சோர்வு அப்படித் தணிவதில்லை. தூக்கம் கெடும், பசி குறையும் அல்லது மிகும், முன்பு பிடித்தவை எல்லாம் சலிக்கும், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம் ஓயாது எழும். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நம் ஊர்களில் பலர் இதை மனத்தின் நோயாகச் சொல்வதே இல்லை. தலைவலி, உடல்வலி, நெஞ்சுக்குள் பாரம், ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள்.

செய்தித்தாள்களில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லையே இந்நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். அது குழப்பம் தருகிறது. வேலை நெருக்கடியால் வரும் பதற்றம் மன அழுத்தம். நெருக்கடி நீங்கினால் அதுவும் பெரும்பாலும் நீங்கும். மனச்சோர்வுக்கு வெளிப்படையான காரணமே இல்லாமலும் இருக்கலாம். இக்கட்டுரையில் மனச்சோர்வு என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

எழுத்தாளர்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. கவிதையிலும் தத்துவத்திலும் சிறந்தவர்கள் ஏன் துயர இயல்பினராக இருக்கிறார்கள் என்ற கேள்வி அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் நூலொன்றில் உள்ளது. ஆங்கில நாவலாசிரியை வர்ஜீனியா உல்ஃப் (1882–1941), அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் (1932–1963) ஆகியோர் இந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெறுவார்கள். ஆனால் வெளிநாட்டுப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டால், இது நமக்கு நேராத ஏதோ ஒன்று என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடும். குமரி மாவட்டத்திலேயே இதற்கான தெளிவான சான்று உள்ளது.

ஜெயமோகன்

எழுத்தாளர் ஜெயமோகன் 1962-இல் பிறந்தவர். அருமனையை அடுத்த திருவரம்பில் வளர்ந்தவர். (நாஞ்சில் நாடு என்பது கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் மட்டுமே. அருமனை விளவங்கோட்டைச் சேர்ந்தது. எனினும் அவர் நெடுங்காலமாக வாழ்வது நாகர்கோவிலில்.) 1980களின் நடுவில், ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில், அவருடைய தாயும் தந்தையும் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டனர். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதளவே. காசர்கோடு தொலைபேசி நிலையத்தில் வேலை. குடும்பத்திலிருந்து தொலைவு, தூக்கமின்மை, குற்றவுணர்வு, உடல் மெலிவு என்று அந்த ஆண்டுகளை அவரே பலமுறை எழுதியிருக்கிறார். மறைத்து வைக்கும் செய்தியாக அதை அவர் கருதவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தற்கொலை நடந்த வீட்டைப் பற்றி ஊரார் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசும் ஒரு சமூகத்தில் இது சிறிய காரியமன்று.

உயிரை விட்டுவிடும் எண்ணத்தோடு ஒரு விடியற்காலையில் வெளியே சென்றதையும், இலை ஒன்றில் இருந்த புழு காலை ஒளி பட்டு மின்னியதைக் கண்டு மனம் மாறியதையும் அவர் பதிவு செய்துள்ளார். வாழ்நாளின் எஞ்சிய பகுதியைத் துயரத்துக்குக் கொடுப்பதில்லை என்று அன்று முடிவெடுத்ததாகவும் சொல்கிறார். அவர் வாசகர்களிடையே இந்நிகழ்ச்சி மிகவும் புகழ்பெற்றது.

இதைப் படிக்கும் இளைஞர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு காட்சி ஒருவரைத் திருப்பியது உண்மை. ஆனால் அவர் மீண்டது அந்த ஒரு காட்சியால் மட்டும் அல்ல. அதையும் அவருடைய எழுத்திலிருந்தே அறியலாம். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி இருந்தார், எழுதும்படி தூண்டினார். மலையாளக் கவிஞர் ஆற்றூர் ரவிவர்மாவின் அன்பு கிடைத்தது. பின்னர் ஊட்டி குருகுலத்தில் நித்ய சைதன்ய யதியின் தொடர்பு ஏற்பட்டது. 1990-இல் ‘ரப்பர்’ நாவல் அகிலன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றது. 1991-இல் திருமணம். 1997-இல் ‘விஷ்ணுபுரம்’. துயரம் நிகழ்ந்ததற்கும் பெரிய படைப்பு வந்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளன. நோய் உச்சத்தில் இருந்தபோது அவர் ‘விஷ்ணுபுரம்’ எழுதவில்லை. மீண்ட பிறகே எழுதினார். பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தக் கணக்குத்தான்.

சுந்தர ராமசாமியின் வீடு

ஜெயமோகன் நாடிச் சென்ற சுந்தர ராமசாமி (1931–2005) நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியவர். சிறுவயதில் மூட்டு நோயால் நெடுங்காலம் படுக்கையில் கிடந்தவர். பள்ளிப் படிப்பும் தடைப்பட்டது. 1966-இல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ வெளிவந்த பின் சில ஆண்டுகள் அவர் எதையும் வெளியிடவில்லை. இதைச் சிலர் மனச்சோர்வு என்று சொல்லிவிடக்கூடும். அது தவறான முடிவு. எழுத்தாளரின் மௌனத்துக்கு வாசிப்பு, தொழில், தன் எழுத்தின் மீதான அதிருப்தி என்று பல காரணங்கள் உண்டு. மருத்துவர் சொல்லாமலும் அவரே சொல்லாமலும் பிறர் நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று.

அவருடைய வீடு பல எழுத்தாளர்களுக்குத் தங்குமிடமாக இருந்தது. அவ்வாறு தொடர்பில் இருந்தவர்களுள் ஒருவர் மதுரையின் ஜி. நாகராஜன் (1929–1981). ‘குறத்தி முடுக்கு’, ‘நாளை மற்றுமொரு நாளே’ ஆகிய நாவல்களை எழுதியவர். சிறந்த கணித ஆசிரியர். போதைப் பழக்கம் அவருடைய வேலையையும் உடல்நலத்தையும் அழித்தது. மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பற்றிச் சுந்தர ராமசாமி எழுதிய நினைவுகள் நூலாக உள்ளன. நாகராஜனைச் சுதந்திர மனிதராகப் போற்றுவோர் பலர். உதவி தேவைப்பட்ட ஒரு மனிதராக அவரைப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

ஆத்மாநாம், கோபிகிருஷ்ணன்

தமிழில் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது கவிஞர் ஆத்மாநாமை (1951–1984) விட முடியாது. மதுசூதன் என்பது இயற்பெயர். ‘ழ’ என்னும் கவிதை இதழை நடத்தியவர். ‘காகிதத்தில் ஒரு கோடு’ (1981) அவர் வாழ்நாளில் வெளிவந்த தொகுப்பு. 1970களின் இறுதியில் தொடங்கிய ஆயத்த ஆடைத் தொழில் நலிந்தது. அதையொட்டி மனநோயும் தொடங்கியது. சிகிச்சை பெற்றார், இடையில் தேறவும் செய்தார். முப்பத்து மூன்றாம் வயதில் தற்கொலை செய்துகொண்டார். கவிஞர் பிரம்மராஜன் அவருடைய படைப்புகளைத் தொகுத்தார். நாகர்கோவிலின் காலச்சுவடு பதிப்பகம் அத்தொகுப்பை வெளியிட்டது. அவருடைய கவிதைகளில் நகைச்சுவையும், எளிய மக்கள் மீதான அக்கறையும், நெருக்கடி நிலைக் காலத்தின் அரசியலும் உள்ளன. அவர் இறந்த விதத்தை வைத்து எல்லா வரிகளிலும் மரணத்தைத் தேடுவோர் இவற்றைக் காணத் தவறுகிறார்கள்.

கோபிகிருஷ்ணன் (1945–2003) வேறு வகையில் முக்கியமானவர். உளவியல் படித்தவர்; தாமே மனநோய்க்கு நீண்டகாலம் மருந்து உட்கொண்டவர். மனநோயாளிகளின் பேச்சுகளைக் கொண்டே அவர் அமைத்த நூல் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’. நோயாளியை வேடிக்கைப் பொருளாக்காமல், அவர் சொல்வதை அப்படியே காது கொடுத்துக் கேட்கும் நூல் தமிழில் அதற்குமுன் அரிது.

மலையாளம் தந்த பாடம்

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. எனவே மலையாள இலக்கியம் இங்குள்ளோருக்கு அயல் இலக்கியம் அன்று. 1936-இல் கவிஞர் இடப்பள்ளி ராகவன் பிள்ளை இருபத்தேழு வயதில் தற்கொலை செய்துகொண்டார். நண்பர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை அதே ஆண்டில் ‘ரமணன்’ என்னும் இரங்கற் காவியத்தை எழுதினார். அது கேரளத்தில் அதுவரை காணாத அளவு விற்பனையானது. இளைஞர்கள் மனப்பாடமாகப் பாடினர். ஒரு மனிதரின் பல அடுக்குத் துயரம் ‘காதல் தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப் போனது. 1965-இல் நாவலாசிரியை ராஜலட்சுமி இறந்தபோதும் இவ்வாறே காரணம் தேடும் பேச்சு எழுந்தது. அவர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய தொடர்கதை ஒன்று, தங்கள் வாழ்க்கையை எழுதிவிட்டதாகச் சிலர் முறையிட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது.

தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. அழகுபடுத்திச் சொல்லப்படும் தற்கொலைச் செய்தி, ஏற்கனவே துயரத்தில் இருப்பவரைப் பின்பற்றத் தூண்டும் என்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்துள்ளனர். 1774-இல் வெளியான கோதேயின் நாவல் நாயகன் பெயரால் இதை ‘வெர்தர் விளைவு’ என்பர்.

ஆய்வுகள் கூறுவது

1987-இல் நான்சி ஆண்ட்ரியாசன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் முப்பது எழுத்தாளர்களை ஆராய்ந்தார். அவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநிலைக் கோளாறு இருந்தது. பிற தொழிலினரில் அது 30 விழுக்காடு. முப்பது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரே எழுத்துப் பட்டறையைச் சார்ந்தவர்கள் என்பதும் ஒரு குறை. பின்னர் ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகள் ஆராயப்பட்டன. கலைத்துறையினர் எல்லோருக்கும் மனநோய் மிகுதி என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. எழுத்தாளர்களிடம் மட்டும் மனச்சோர்வும் தற்கொலையும் சற்று மிகுந்திருந்தன. தனிமை, நிலையற்ற வருமானம், இரவு விழிப்பு, மது ஆகியவற்றுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது தனியே பிரித்துச் சொல்லக் கடினம். எப்படியாயினும், நோய் இருந்தால்தான் எழுத்து வரும் என்பதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை. மருந்து எடுத்தால் கற்பனை வறண்டுவிடும் என்று அஞ்சி சிகிச்சையைத் தள்ளிப்போடும் இளம் கவிஞர்கள் இன்றும் உண்டு. உண்மையில் கற்பனையை வறளச் செய்வது நோய்தான்.

சிகிச்சை

மனச்சோர்வுக்கு மருந்தும் உளவியல் ஆலோசனையும் உண்டு. மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே ‘பலன் இல்லை’ என்று நிறுத்துவதும், சற்றுத் தேறியதும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் பரவலாக நடக்கும் தவறுகள். குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மந்திரம், கயிறு என்று அலைந்து காலம் கடத்துவதன் விளைவு என்னவாகும் என்பதற்கு ஏர்வாடி போதும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்ட கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர்.

தற்கொலைக்கு முயன்றவரைக் காவல்துறை தண்டிக்கும் என்ற அச்சத்தால் சில குடும்பங்கள் மருத்துவமனைக்கே போவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவ்வாறு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதவேண்டும் என்கிறது; அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. இச்சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பேசிப் பெறலாம்.