ஹோட்டல் ரூம் புக் செய்கிறீர்களா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இண்டர்நெட்டில் ரயில் டிக்கெட் எடுத்துப் பழகியபின், அடுத்ததாக ஹோட்டல் ரூமில் கை வைக்கிறார்கள். (இட்லி, தோசை ஹோட்டல் அல்ல, தங்கும் ஹோட்டல்.) அப்போது பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "பணம் கட்டிவிட்டேன், கன்பர்ம் என்று இமெயிலும் வந்துவிட்டது. இரவு 11 மணிக்குக் குழந்தைகளோடு போய் நின்றால், ரூம் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களே?"

நியாயமான பயம்தான். ரயில் சீட் கணக்கு ரயில்வேயின் சர்வரில் மட்டுமே உள்ளது. எந்தத் தளத்தில் டிக்கெட் எடுத்தாலும் அங்குதான் போய்ச் சேரும். ஹோட்டல் ரூம் விஷயம் அப்படி அல்ல. எந்த ரூமில் யார், எது காலி, எது இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை என்ற உண்மையான கணக்கு ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேரில் இருக்கும். இதனை ப்ராப்பர்ட்டி மேனேஜ்மெண்ட் சிஸ்டம் என்கிறார்கள். புக்கிங் தளங்களில் நாம் பார்ப்பது அந்தக் கணக்கின் நகலைத்தான்.

இந்த இணைப்புகளுக்கு வழி காட்டியது விமானத் துறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐபிஎம் நிறுவனத்துடன் உருவாக்கிய சேபர் சிஸ்டம் 1964ல் முழுமை அடைந்தது. அடுத்த ஆண்டே ஹாலிடே இன் நிறுவனம் ஹாலிடெக்ஸ் என்ற தன் சொந்த சிஸ்டத்தைக் கொண்டு வந்தது. 1976ல் சேபர் டெர்மினல்கள் டிராவல் ஏஜெண்ட்டுகளின் மேஜைக்கு வந்தன. டிக்கெட் போடும் அதே திரையில் ரூமும் போட முடிந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு பாஷை பேசியது. எனவே 1989ல் பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் சேர்ந்து திஸ்கோ என்ற பொது இணைப்பை அமைத்தன. 1999ல் தொடங்கிய ஓபன்டிராவல் அலையன்ஸ், எக்ஸ்எம்எல் அடிப்படையில் அனைவருக்கும் பொதுவான செய்தி வடிவங்களைத் தந்தது.

சிறிய ஹோட்டல்களுக்கு இதெல்லாம் எட்டாத உயரத்தில் இருந்தது. அவர்கள் ஒரு ஏஜென்சிக்கு 5 ரூம், இன்னொன்றுக்கு 5 ரூம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, பேக்ஸ் வருகிறதா என்று காத்திருப்பார்கள். ஓரிடத்தில் விற்றுத் தீரும். மற்றதில் ரூம் வீணாகக் கிடக்கும். இதனை மாற்றியதுதான் சேனல் மேனேஜர் சாப்ட்வேர். எல்லா ரூம்களையும் எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் காட்டும். ஒரு தளத்தில் ஒரு ரூம் போனால், மற்ற தளங்களில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி உடனே செய்தி அனுப்பும்.

ஆபத்து அந்த "உடனே"யில்தான் இருக்கிறது. செய்தி போவதற்குள் அதே கடைசி ரூமை இன்னொருவர் வேறு தளத்தில் கிளிக் செய்துவிடலாம். ஹோட்டலில் நெட் இணைப்பு அறுந்திருக்கலாம். சேனல் மேனேஜரே இல்லாத லாட்ஜில், ஊழியர் கையால் மாற்ற மறந்திருக்கலாம். சிலர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, சில ஹோட்டல்கள் வேண்டுமென்றே கூடுதலாகப் புக்கிங் வாங்குவதும் உண்டு.

"ஒரு ரூம்தான் பாக்கி" என்று சிவப்பு எழுத்தில் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அந்தத் தளத்துக்குத் தரப்பட்டதில் ஒன்று பாக்கி என்றுதான் பொருள்.

புக் செய்த பின் ஹோட்டலின் சொந்த இணைய தளத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்திடுங்கள். தளம் தந்த எண்ணைச் சொல்லி, "உங்கள் சிஸ்டத்தில் என் பெயர் ஏறியிருக்கிறதா?" என்று கேளுங்கள். ஹோட்டலுக்கெனத் தனி கன்பர்மேஷன் எண் இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள். இரவில் தாமதமாக வருவதையும் சொல்லிவிடுங்கள். புக் செய்யும் முன்பே போன் செய்தால், நேரடிக் கட்டணத்தையும் கேட்கலாம். தளங்களுக்குப் பெரும்பாலும் 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் போவதால், சிலர் காலை டிபனையாவது இலவசமாகச் சேர்த்துத் தருவார்கள்.