செனான் நச்சாக்கம்

செனான் நச்சாக்கம் என்பது அணு உலையில் உருவாகும் செனான்-135 என்னும் ஓரிடத்தான், தொடர்வினைக்குத் தேவையான நியூத்திரன்களை விழுங்கி உலையின் திறனைக் குறைக்கும் நிகழ்வாகும். இங்கு நஞ்சு என்பது உயிர்களுக்கு அன்று, வினைக்கே. அணு உலையை இயக்குவோர் கட்டாயம் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று.

யுரேனியம் பிளவுறும்போது செனான்-135 நேரடியாகச் சிறிதளவே தோன்றுகிறது. பெரும்பகுதி, அயோடின்-135 சிதைவதால் உண்டாகிறது. அயோடினின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 6.6 மணி, செனானுடையது 9.1 மணி. உலை ஓடும்போது செனான் நியூத்திரனை ஏற்றுச் செனான்-136 ஆக மாறுவதால் அதன் அளவு கட்டுக்குள் இருக்கும். உலையை நிறுத்தியதும் இந்த அழிவு நின்றுவிடும். தேங்கிய அயோடினோ தொடர்ந்து சிதையும். எனவே உயர்திறன் உலைகளில் செனான் கூடிக்கொண்டே சென்று, சுமார் 11 மணி நேரத்தில் உச்சமடைகிறது. அப்போது கட்டுப்பாட்டுத் தண்டுகளை முழுவதும் வெளியே இழுத்தாலும் உலை இயங்காமல் போகலாம். ஒரு நாளுக்கும் மேலாகக் காத்திருப்பதே வழி.

வரலாறு

1944 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு பி உலை, இயங்கிய சில மணி நேரத்தில் தானாகவே திறன் குறைந்து நின்றது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. இந்த நேரக்கணக்கைக் கொண்டே ஜான் வீலர் செனானை அடையாளம் கண்டார். டூப்பாண்ட் பொறியாளர்கள் முன்னெச்சரிக்கையாக 1500 குழாய்களுக்குப் பதில் 2004 குழாய்கள் அமைத்திருந்ததால் கூடுதல் எரிபொருள் இட்டு உலையை இயக்க முடிந்தது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில், செனானால் தாழ்ந்த திறனை உயர்த்தவே பெரும்பாலான தண்டுகள் வெளியே இழுக்கப்பட்டன. எனினும் விபத்துக்குச் செனான் மட்டுமே காரணம் அன்று. உலையின் வடிவமைப்புக் குறைகளே பெரிதும் காரணம்.