வளைந்த பிரேமும் வில்லையின் பவரும்

ஏ-9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் ஓடித் திரியும் வியாபாரிகளுக்குக் காற்றும் தூசியும் பெருந்தொல்லை. அதனால் சிலர் முகத்தைச் சுற்றி வளைந்த பிரேமில் பவர் வில்லை போட விரும்புகின்றனர். தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய கண்ணாடியின் பவரை அப்படியே அதில் போடக்கூடாது என்பதே அவர்களுக்கு நான் சொல்வது.

கண் பரிசோதனையின்போது வில்லை கண்ணுக்கு நேராக நிற்கிறது. வளைந்த பிரேமிலோ பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்தால் பவர் கூடும். இல்லாத சிலிண்டர் பவரும் சேரும். மைனஸ் 6.00 கொண்ட சாதாரண பிளாஸ்டிக் வில்லை 20 பாகை சாய்ந்தால் ஏறக்குறைய மைனஸ் 6.23 ஆகிவிடும், கூடவே மைனஸ் 0.83 அளவு சிலிண்டரும் வரும். பார்வை மங்கும், தலையிடிக்கும். சாய்வு 5 பாகைதான் என்றால் வித்தியாசம் தெரியாது. பவர் குறைந்தவர்களுக்கும் பாதிப்புக் குறைவு.

ஆகவே கடைக்காரர் மூன்றை அளக்க வேண்டும்: பிரேமின் வளைவு, அதன் கீழ்ப்பகுதி கன்னத்தை நோக்கிச் சாயும் அளவு, கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள தூரம். இவற்றை அனுப்பினால் வில்லை தயாரிப்போர் கணக்கிட்டுப் பவரைத் திருத்தித் தருவர். அப்போது வைத்தியர் எழுதிய இலக்கமும் வில்லையின் இலக்கமும் வேறுபடும். அது பிழையல்ல என்பதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

அளக்காமல் செய்த வில்லையை மறுபடி செய்து கொடுத்தால் இலாபம் போகும். கொடுக்காவிட்டால் வாடிக்கையாளரே போய்விடுவார்.