பெயின்ட் டப்பாவைத் திறக்காதீங்க சார்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண் பிள்ளைகள் செய்யத்தக்க காரியங்கள் என்று ஊரில் மூன்றே மூன்றுதான் உண்டு. தூங்குவது, கிரிக்கெட் பார்ப்பது, தூங்கிக்கொண்டே கிரிக்கெட் பார்ப்பது. அடியேன் நாலாவது ரகம். பழைய பேப்பரை விரித்து, அதன் மேல் ஒரு குட்டி நீராவி இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "பொம்மைக்கா இத்தனை ஸ்க்ரூ டிரைவர்?" என்று வீட்டம்மா கேட்பதோடு சரி. பெருக்கும்போது மட்டும் பேப்பரைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவாள். புண்ணியவதி!

நீராவி இன்ஜின் என்றதும் கரி, தண்ணீர் என்று கற்பனை செய்யாதீர்கள். வெளியேதான் பாய்லரும் புகைபோக்கியும். வயிற்றுக்குள் இருப்பது 12 வோல்ட் மோட்டார். லிவர்பூலில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைக் கண்டுபிடித்த ஃப்ராங்க் ஹார்ன்பியின் கம்பெனி, 1938-ல் 'ஹார்ன்பி டப்ளோ' என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. 'டபுள் ஓ' என்ற அளவின் பெயர்தான் 'டப்ளோ' ஆயிற்று. நிஜத்தில் 76 அடி நீளமென்றால் பொம்மையில் ஒரே அடி. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லி மீட்டர். 1959-ல் இரட்டைத் தண்டவாளத்துக்கு மாறும் வரை, கரன்ட் வர நடுவில் மூன்றாவதாக ஒரு தண்டவாளமும் இருந்தது.

அப்படி ஓர் இன்ஜின் போன வருஷம் என் கைக்கு வந்தது. எங்கள் மாடி வீட்டுப் பெரியவருடையது. 1955 வாக்கில் அவர் அப்பா லண்டனிலிருந்து வாங்கி வந்தாராம். கறுப்பு நிறம், ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னது, பக்கவாட்டில் 69567 என்று நம்பர். கிரெஸ்லி வடிவமைத்து, லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து புறநகர் ரயில்களை இழுத்த 'என் 2' வகையின் குட்டி நகல். நிஜத்தில் 107 இன்ஜின்கள் கட்டினார்கள். இன்று மிஞ்சியிருப்பது 69523 ஒன்றுதான்.

பெரியவரின் மகள் அதை ஒரு டவலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "அப்பாவுக்கு அடுத்த மாசம் சதாபிஷேகம்ணா. ஓட வைச்சு, நல்லா பளபளன்னு புது பெயின்ட் அடிச்சுக் குடுத்துடுங்க. சர்ப்ரைஸ்!"

ஓட வைப்பது பெரிய வித்தையில்லை. வருஷக்கணக்கில் தூங்கிய இன்ஜின் ஓடாவிட்டால் மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பாதி நேரம் வில்லன், பழைய எண்ணெய்தான். காய்ந்து கோந்து மாதிரி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் அதைக் கரைத்து எடுத்தேன். கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கார்பன் தூள் அடைத்திருந்தது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், தேய்ந்திருக்கவில்லை. தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு அச்சிலும் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு ஊற்றக் கை துறுதுறுக்கும்; அடக்க வேண்டும்.

ஆர்மெச்சரை மட்டும் வெளியே இழுக்கவில்லை. பழைய காந்தத்தின் நடுவிலிருந்து அதை எடுத்தால் காந்தம் பலம் குறைந்துபோகலாம். எடுத்தே தீரவேண்டுமென்றால் அந்த இடத்தில் ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காந்தம் சோர்ந்துபோனால் மோட்டார் கரன்ட்டை அள்ளிக் குடிக்கும், தோசைக்கல் மாதிரி சுடும், நகராது. நம் ஆபீஸிலும் சில பேர் உண்டு!

மூன்றாவது ஞாயிறு ஓடிவிட்டது. பாக்கி, பெயின்ட்.

இங்கேதான் எனக்கு உதைத்தது. மேல்பூச்சு ஒன்றும் மோசமில்லை. டிரைவர் நிற்கும் கூரையின் ஓரத்தில் மட்டும் ஒரு காசு அளவுக்குத் தேய்ந்து, உள்ளேயிருக்கும் துத்தநாகக் கலவை வெள்ளையாகத் தெரிந்தது. ரிப்பேர் வேலையில் ஒரு சௌகரியம், மாட்டியதைத் திரும்பக் கழற்றலாம். பெயின்ட் அப்படியில்லை. ஃபாக்டரிக்காரன் அடித்ததைச் சுரண்டிவிட்டால் சுரண்டியதுதான். புதுப்பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், சேகரிப்பவர்கள் மதிப்பது பழைய பூச்சைத்தான். பொம்மையின் உடம்பில் நேற்று நடந்ததெல்லாம் எழுதியிருப்பது அதில்தானே!

சர்ப்ரைஸாவது, ஒன்றாவது என்று நேரே மாடிக்குப் போய்ப் பெரியவரிடமே இன்ஜினை நீட்டினேன். "சார், இந்தத் தேய்மானத்தை மறைச்சு பெயின்ட் அடிக்கச் சொல்றாங்க. அடிக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். "இது என் தம்பியோட கட்டைவிரல் தம்பி. அவன் இடது கைக்காரன். தண்டவாளத்துலேருந்து எப்பவும் இங்கேதான் பிடிச்சுத் தூக்குவான். காலேஜ் சேர்ற வயசுலேயே போயிட்டான்."

கதவருகில் நின்றிருந்த மகள் பேசவில்லை. பெயின்ட் பேச்சு அத்தோடு முடிந்தது. சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் அழுக்கை மட்டும் எடுத்தேன். நம்பர் மேல் துணியே படவில்லை. சதாபிஷேகத்தன்று ஹாலில் மூன்று தண்டவாள வட்டத்தில் இன்ஜின் சுற்றியது. சாஸ்திரிகள் இரண்டு முறை ஹோமத்தை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அப்படியானால் பெயின்ட்டே அடிக்கக் கூடாதா? அடிக்கலாம், முன்னாலேயே யாராவது கெடுத்து வைத்திருந்தால். என்னிடம் இதே வகையில் இன்னொன்று இருக்கிறது. எந்த மகானுபாவரோ, ஜன்னல் கம்பிக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலைப் பாயசம் மாதிரி அதன் மேல் ஊற்றியிருந்தார். அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. மோட்டாரையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு, உலோக பாடியை மட்டும் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பச்சை உரிந்து, அதற்கடியில் அசல் கறுப்பும் கூடவே உரிந்து வந்தபோது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

பிறகு சோப்பு போட்டுக் கழுவி, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் பிரைமர் ஒரு கோட். அதன் மேல் கறுப்பு, மெல்லிசாக மூன்று தடவை. தடிமனாக ஒரே தடவை அடித்தால் ரிவெட் புள்ளிகள் எல்லாம் மூழ்கிப்போகும். சென்னையில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். காற்றின் ஈரத்தில் சில பெயின்ட்டுகள் பால் கொட்டினாற்போல வெளுத்துவிடும். நான் தை பிறக்கிற வரை காத்திருந்தேன்.

இப்போது பாக்கி, கோடு. நிஜ இன்ஜின்களில் இருந்த சிவப்பு, கிரீம், சாம்பல் நிறக் கோடுகளை இழுக்க வேண்டும். இரண்டு தகடும் நடுவில் ஒரு ஸ்க்ரூவுமாகப் பழைய டிராஃப்ட்ஸ்மேன்கள் ஒரு பேனா வைத்திருப்பார்களே, அதுதான் ஆயுதம். கோடு காய்ந்த பிறகு, தண்ணீரில் நனைத்து ஒட்டும் நம்பர். அதன் மேல் வார்னிஷ். இடது பக்கம் முடித்துவிட்டேன். வலது பக்கம் வருகிற ஞாயிறு. அன்றைக்கு மத்தியானம் கரன்ட் கட் என்று போர்டில் போட்டிருக்கிறார்கள். தெருவே திட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குச் சந்தோஷம்... ஃபேன் ஓடாது, தூசி பறக்காது!