வெள்ளத்தில் போன மாயாவி பார்சலில் திரும்பினார்!

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு சிறிய வீடு. கீழே ஓர் அறை. இரும்பு ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு மச்சு. மச்சின் மூலையில் துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது.

பெட்டிக்குள் நகையும் இல்லை, பணமும் இல்லை. அத்தனையும் காமிக்ஸ் புத்தகங்கள்!

பெட்டிக்குச் சொந்தக்காரர் தாதரில் ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் கோவில்பட்டி பக்கம். 1974-ம் ஆண்டு, 19 வயதில் பம்பாய்க்கு ரெயில் ஏறினார். கையில் இந்தப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பள்ளிக்கூடச் சான்றிதழ், அடியில் நாலைந்து முத்து காமிக்ஸ்.

"சான்றிதழைக் காட்டி வேலை வாங்கினேன். காமிக்ஸைக் காட்டி சிநேகிதம் பிடித்தேன்" என்கிறார் அவர். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருந்த காலம் அது. ஒருவர் புத்தகம் வாங்கினால் எட்டுப் பேரும் படிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுவார்.

கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். பெட்டியில் புத்தகங்களும் பெருகின. கடைசியில் 160-க்கும் மேல் சேர்ந்துவிட்டன.

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி வந்தது. அந்த நாளை மும்பைத் தமிழர் யாரும் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லி மீட்டர் மழை! மித்தி ஆறு கரை தெரியாமல் ஓடியது. அன்று பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் மச்சில் ஏறி உயிர் தப்பினார்கள். பெட்டியை யாரும் நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே அரைத்த மாவு போல ஒரு பொருள் இருந்ததாம்.

டைரியில் ஒரு பட்டியல்

பெரியவர் அழவில்லை. ஆபீசில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்தார். போன புத்தகங்களின் பெயர்களை ஞாபகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எழுதினார். மூன்று வாரத்தில் 112 பெயர்கள் சேர்ந்தன. மற்றவை நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பட்டியலில் பல பெயர்களுக்கு எதிரே இப்போது சிவப்பு மையில் 'டிக்' விழுந்திருக்கிறது. சிவகாசிக்காரர்கள் பழைய கதைகளை மறுபடியும் அச்சிட்டு வருவதுதான் காரணம்.

சிவகாசியில் காமிக்ஸ் பிறந்தது தற்செயல் அல்ல. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குப் படம் வேண்டும், வருடம் பிறந்தால் காலண்டர் வேண்டும். இவற்றுக்காக வளர்ந்த அச்சகங்கள் அந்த ஊரில் ஏராளம். அந்தச் சூழலில்தான் சௌந்தரபாண்டியன் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. பன்னிரண்டு வருடம் கழித்து, 1984 ஜூலையில், அவருடைய மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அதே மாதத்தில் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டுடன் கடைக்கு வந்தது. விலை ஒன்றரை ரூபாய். அந்த வருடம் தமிழ்ப் பையன்களுக்குத் தீபாவளி இரண்டு முறை வந்தது என்றே சொல்லலாம்.

பிற்பாடு லயனும் முத்துவும் தள்ளாடின. எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. 2012 ஜனவரியில், பெரிய அளவு, வழுவழுப்பான தாள், வண்ணப் படங்கள், 100 ரூபாய் விலை என்று லயன் புது உருவத்தில் திரும்பியது. 2022-ல் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது. பெரியவர் சந்தா கட்டினார். தெருமுனைக் கடை முகவரிக்குப் பார்சல் வருகிறது.

பட்டியலில் உள்ள புத்தகங்கள் திரும்பி வந்துவிட்டன, சரி. படித்தால் பழைய ருசி இருக்கிறதா?

மாயாவி எப்படி?

இங்கிலாந்தில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கிய கதை இது. லூயி கிராண்டேல் என்பவன் ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலது கையை இழக்கிறான். உருக்கினால் செய்த கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் தெரியும். வயர்கள் தலைக்கு மேல் தொங்கும் தாராவியில் எந்தப் பையனும் அதைச் சோதித்துப் பார்க்காதது பெற்றோர் செய்த புண்ணியம்!

இன்று படித்தால் கதை கொஞ்சம் சலிக்கிறது. ஆபத்து வந்தால் மின்சாரம், மின்சாரம் பாய்ந்தால் மாயம். நாலு கதை படித்தால் ஐந்தாவதை யூகித்துவிடலாம். ஆனால் படங்கள் சலிக்கவில்லை. அவற்றை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ. காலியான தெரு, அதில் மிதந்து போகும் ஒரு கை, அதன் நிழல் - இதைக் கறுப்பு வெள்ளையில்தான் பார்க்க வேண்டும். பழைய மட்டத் தாளில் மை ஊறிப்போய்க் கோடுகள் மங்கிக் கிடந்தன. புதுப் பதிப்பின் வெள்ளைத் தாளில் அவை தெளிவாகத் தெரிகின்றன. முதல் தடவையாக மாயாவியின் விரல்களை எண்ணிப் பார்த்ததாகப் பெரியவர் சொல்கிறார்.

(ராணி காமிக்ஸின் மாயாவி வேறு. அவர் காட்டில் வாழும் முகமூடி வீரர். முத்து காமிக்ஸில் அவரே வேதாளர். "எந்த மாயாவி பெரியவன்?" என்று அந்தக் காலத்தில் அறைகளில் சண்டை நடந்ததுண்டு.)

அடுத்து ஸ்பைடர். இவர் லயனில் வந்தவர். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டு, பிறகு குற்றவாளிகளை வேட்டையாடக் கிளம்பியவர். கூர்மையான காது, வலை பாய்ச்சும் துப்பாக்கி, பறக்கும் கார், அளவில்லாத தலைக்கனம்! இந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-ல் வெளியான சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்துக்கு நல்லவனைக் கொடுத்த அதே பேனா இந்தத் திமிர் பிடித்தவனையும் எழுதியது. கதைகளில் காதில் பூச்சுற்றல் அதிகம். ஒன்று படித்தால் போதும்.

அழவைத்த குதிரைவீரன்

பெரியவர் இரண்டு தடவை படித்த புத்தகம் டெக்ஸ் வில்லரின் 'கார்சனின் கடந்த காலம்'.

டெக்ஸ் 1948-ல் இத்தாலியில் பிறந்த கௌபாய். தமிழுக்கு 1985-ல் வந்தார். செவ்விந்தியர்கள் அவரை 'இரவுக் கழுகு' என்பார்கள். அவருடைய தோழர் கிட் கார்சன். நரைத்த தாடி, ஓயாத முணுமுணுப்பு, இறைச்சி வறுவல் மேல் தீராத ஆசை. பல வருடங்களாகச் சிரிப்புக்குப் பயன்பட்ட ஆள்.

இந்தக் கதையில் ஆசிரியர் போசெல்லி அந்தக் கிழவரை வாலிபராக்கிக் காட்டுகிறார். மொன்டானாவில் தங்கம் கிடைத்த பானக் நகரம். அங்கே ஒரு பாடகியிடம் காதல், ஒரு நண்பன், அந்த நண்பனுக்கும் கொள்ளைக்கூட்டத்துக்கும் தொடர்பு. பானக் கற்பனை ஊர் அல்ல. அந்த ஊர் செரீப்பே கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1864 ஜனவரியில் ஊர்க்காரர்களால் தூக்கிலிடப்பட்டது நடந்த சம்பவம்.

துப்பாக்கிச் சண்டைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் மனதில் நிற்பது சண்டை அல்ல. வருடங்கள் கழித்து, வயதான ஒரு மனிதர் தான் விட்டுவந்த ஊரையும் ஆட்களையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரை நம்பியது சரி, யாரைக் கைவிட்டது தவறு என்று கணக்குப் பார்க்கிறார். கணக்கு நேராகவில்லை. வாங்க வேண்டிய முதல் புத்தகம் இதுதான்.

"இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை" என்கிறார் பெரியவர். காரணம் சொல்லவில்லை.

'இரத்தப் படலம்' வேறு ரகம். நினைவு இழந்த ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். கழுத்துக்குக் கீழே XIII என்ற பச்சை குத்து. அமெரிக்க ஜனாதிபதியைச் சுட்டவனே அவன்தானா என்பது கேள்வி. பெல்ஜியத்தில் 1984-ல் ஆரம்பித்த முதல் சுற்று 2007-ல்தான் முடிந்தது. தமிழில் 18 பாகங்களை ஒரே புத்தகமாக 2010-ல் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். 850 பக்கத்துக்கு மேல், விலை 200 ரூபாய். 2018-ல் வண்ணத்தில் வந்தது. பெயர்கள் அடிக்கடி மாறுவதால் பெரியவர் ஒரு துண்டுச் சீட்டில் யார் யார் என்று எழுதி வைத்துக்கொண்டு படித்தார். குழந்தைகளுக்கான புத்தகம் அல்ல. லீவு போட்டுவிட்டுப் படிக்க வேண்டியது.

மருமகளின் கணக்கு

எல்லாம் சரி, விலை? "ஒரு பொம்மைப் புத்தகத்துக்கு இம்புட்டு ரூபாயா, மாமா?" என்று மருமகள் கேட்கிறாள். கேட்பதில் நியாயம் உண்டு. வண்ணமும் கெட்டி அட்டையும் சேர்ந்தால் சில புத்தகங்கள் ஒரு வாரக் காய்கறிச் செலவை விழுங்கிவிடுகின்றன. எட்டுப் பேர் ஒன்றரை ரூபாய்ப் புத்தகத்தைப் படித்த காலம் வேறு. மலிவுத் தாளில், கறுப்பு வெள்ளையில் ஒரு பதிப்பு கூடவே வந்தால் லேபர் கேம்ப்பிலும் 90 அடி ரோட்டிலும் வாங்க ஆள் இருக்கிறது.

பட்டியலில் டிக் விழாத பெயர்களும் உண்டு. அவற்றில் பாதி ராணி காமிக்ஸ். 500 இதழ்களோடு அது 2005-ல் நின்றுவிட்டது. வெள்ளம் வந்த அதே வருடம்! அந்தப் புத்தகங்களைத் தேடிப் பெரியவர் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவதுண்டு. தமிழ்க் காமிக்ஸ் கிடைக்காது. 'இந்திரஜால்' ஆங்கிலப் புத்தகம் எப்போதாவது கிடைக்கும். பம்பாயில் 1964 முதல் 1990 வரை டைம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஆபீஸ் கடிதம் எழுதும் ஆங்கிலத்தில் பாதி அதில் கற்றதுதான் என்று சிரிக்கிறார்.

பேரனும் 'டுமீ'லும்

பேரனுக்கு 9 வயது. ஆங்கிலப் பள்ளி. மராத்தி எழுதுவான், இந்தி எழுதுவான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஆனால் பையனை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வேலை அங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

முதல் பார்சலைப் பிரித்தபோது பையன் படத்தைப் பார்த்தான். "தாத்தா, ஆளே இல்ல. ஹாத் மட்டும் தெரியுது!" என்றான். அன்று முதல் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம் என்று ஏற்பாடு. தாத்தா வாசிப்பார், பையன் படம் பார்ப்பான்.

மாயாவி அவனை மூன்று நாள் பிடித்து வைத்தார். பிறகு கொட்டாவி. டெக்ஸ் வந்ததும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் கொட்டை எழுத்தில் 'டுமீல்' என்று போட்டிருக்கும் அல்லவா? பையன் முதலில் படித்த தமிழ் வார்த்தை அதுதான். அடுத்தது 'ஆ!'. அந்த வார்த்தைகளின் எழுத்துகளை வேறு இடங்களில் தேட ஆரம்பித்தான். 'டு' அகப்பட்டது, 'மீ' அகப்பட்டது, 'ல்' அகப்பட்டது. புள்ளியை எடுத்தால் 'ல', கொம்பு போட்டால் 'லே' என்று தாத்தா சொல்லிக் கொடுத்தார்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. இந்தப் புத்தகங்களில் கௌபாய்கள் பேசுவது சுத்தமான எழுத்துத் தமிழ். வாசிக்க அழகு; பையனுக்குப் பாதி புரியாது. அதனால் பெரியவர் வாசிக்கும்போதே அதைக் கோவில்பட்டித் தமிழாக மாற்றிவிடுவார். டெக்ஸ் வில்லர் கொள்ளைக்காரனைப் பார்த்து, "ஏலே, எங்கலே போற?" என்று கேட்பார். கார்சன், "பசிக்குவே, சோறு எங்கவே?" என்பார். பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஐந்தாறு மாதமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு ராத்திரி. பெரியவர் வழக்கம்போல வாசித்துக்கொண்டு போனார். பையன் குறுக்கே கையை நீட்டிப் பக்கத்தைப் பிடித்தான். டெக்ஸின் வாயருகே இருந்த வட்டத்துக்குள் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினான். உதடு அசைந்தது. கடைசி எழுத்துக்கு வந்து நிமிர்ந்தான்.

"தாத்தா, இதுல 'லே'யே இல்ல. நீங்க எங்க படிக்கிறீங்க?"